நிழல் தோட்டத்தில் ஹெலிபோர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டம் முழுக்க இலை உதிர்ந்து வெறிச்சோடிக் கிடக்கிற குளிர்காலத்தில் பூக்கிற செடி ஹெலிபோர். அதை வளர்க்க ஆசைப்படுகிறவர்களும், வாங்கி நட்டுவிட்டுத் திகைத்து நிற்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மாதப் பெயர்கள் எல்லாம் வட அரைக்கோளக் கணக்கு. தெற்கே இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் ரோஜா என்கிறார்களே, இது ரோஜா வகையா?

இல்லை. ரோஜாவுக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது ரனன்குலஸ் குடும்பம். அனிமோன், கிளமேட்டிஸ், டெல்ஃபினியம் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். ஹெலிபோரில் ஏறக்குறைய 20 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஐரோப்பாவிலும், துருக்கி, காகசஸ் மலைப்பகுதிகளிலும் இயற்கையாக வளர்கின்றன. ஒன்று மட்டும் எங்கோ தள்ளி, சீனாவில் இருக்கிறது.

நிழலில் வளரும் என்று நம்பி வடக்குச் சுவர் ஓரமாக வைத்தேன். இலை நன்றாக வருகிறது, பூ வரவில்லை. ஏன்?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். நிழல் என்றதும் வருடம் முழுக்க இருக்கிற நிழல் என்று எடுத்துக்கொள்கிறோம். ஹெலிபோர் கேட்பது கோடை நிழலை மட்டும்தான். குளிர்காலத்தில் அதற்கு வெளிச்சம் வேண்டும்.

இந்தச் செடிகளில் பல, இலையுதிர் காடுகளின் ஓரத்திலும் புதர்களுக்கு நடுவிலும் பிறந்து வளர்ந்தவை. அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நவம்பருக்குள் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மொட்டைக் கிளைகளின் வழியாகச் சாய்ந்த வெயில் தரைவரை வந்து விழும். அந்த நாலைந்து மாதங்களில்தான் ஹெலிபோர் பூத்து, புது இலை விட்டு, அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்க்கத் தொடங்குகிறது. மே மாதம் மேலே குடை விரிந்ததும் அது அடங்கிவிடும். சுட்டெரிக்கும் கோடை வெயில் அதன்மேல் படுவதே இல்லை.

அதனால் உங்கள் தோட்டத்தில் இடம் தேடும்போது கோடையில் நிழல் எங்கே என்று பார்க்காதீர்கள். ஜனவரியில் ஒரு நாள், மதியம் 12 மணிக்கு வெளியே போய் நின்று, எந்த மரத்தடியில் வெளிச்சம் விழுகிறது என்று பாருங்கள். இலையுதிர் மரம் அல்லது புதரின் கீழே அப்படி ஓர் இடம் இருந்தால் அதுதான் ஹெலிபோரின் இடம். வடக்குச் சுவர் ஓரம், ஊசியிலை மரத்தடி, பசுமை மாறாத வேலியின் உள்பக்கம் ஆகிய மூன்றும் வருடம் முழுக்க இருட்டு. அங்கே செடி சாகாது. ஆனால் பூக்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரும்.

எந்த வகையிலிருந்து தொடங்குவது?

முதல் செடி என்றால் யோசிக்காமல் தோட்டக் கலப்பினத்தைத் தேர்ந்தெடுங்கள். தவக்கால ரோஜா என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். காகசஸ், துருக்கி பக்கத்து ஓரியன்டாலிஸ் இனமும் அதன் உறவுகளும் சேர்ந்து உருவான கூட்டம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கிட்டத்தட்ட தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் பூக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்போ என்று எண்ண வைக்கும் கருஊதா, உள்ளே புள்ளி தெளித்தது, அடுக்கு இதழ் என்று எல்லாம் உண்டு. அசல் நீலம் மட்டும் கிடையாது. 'நீலம்' என்று எழுதியிருந்தால் சாம்பல் பூத்த கருஊதா என்று புரிந்துகொள்ளுங்கள். மண், வெளிச்சம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இந்தக் கலப்பினம் பொறுத்துக்கொள்ளும்.

கிறிஸ்துமஸ் ரோஜா எனப்படும் நைகர், ஆல்ப்ஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது. நைகர் என்றால் கறுப்பு. பூ தூய வெள்ளை, வேர்தான் கறுப்பு. பெயர் அந்த வேரால் வந்தது. அழகில் இதற்கு நிகர் இல்லை என்றாலும் குணத்தில் கொஞ்சம் பிடிவாதம். வடிகால் சரியில்லை என்றாலோ, ஆழமாக நட்டுவிட்டாலோ முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெயரை நம்பி கிறிஸ்துமஸ் அன்றே பூக்கும் என்று காத்திருக்க வேண்டாம். தோட்டத்து மண்ணில் வளரும் பல செடிகள் ஜனவரி, பிப்ரவரியில்தான் பூக்கின்றன. டிசம்பரில் கடைகளில் பூத்துக் குலுங்குபவை கண்ணாடிக் கூடத்தில் அதற்கென்றே தயார் செய்யப்பட்டவை.

ஃபீட்டிடஸ் இனத்துக்கு நாற்ற ஹெலிபோர் என்று பெயர். பாவம், அந்தப் பெயராலேயே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இலையைக் கசக்கினால்தான் நாற்றம், சும்மா இருந்தால் ஒன்றும் தெரியாது. கரும்பச்சை இலைமேல் வெளிர்பச்சை மணிகள் கொத்தாகத் தொங்கும். ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் செஞ்சாந்து தொட்டு இழுத்ததுபோல் ஒரு கோடு. கொஞ்சம் கூடுதல் நிழலையும் வறட்சியையும் இதுதான் தாங்கும். ஆயுள் குறைவு, ஆனால் தானாக விதை போட்டு வாரிசு வைத்துவிடும்.

கோர்சிகா, சார்டினியா தீவுகளின் ஆர்குட்டிஃபோலியஸ் பெரிய செடி. இலை ஓரம் முள்போல் பல் பல்லாக இருக்கும். மற்றவற்றைவிட வெயில் தாங்கும். ஆழ்ந்த நிழலில் தொய்ந்து சாய்ந்துவிடும்.

மரத்தடியில் மண்வெட்டியே இறங்கவில்லை, அத்தனை வேர். அங்கே நட முடியுமா?

மரத்தைப் பொறுத்தது. மேப்பிள், பீச் மாதிரி மேல்மட்டத்திலேயே வேர் பின்னும் மரங்களின் அடியில் ஹெலிபோருக்கு மிஞ்சுவது காய்ந்த மண்தான். அடிமரத்தை ஒட்டி நடாமல், கிளைகளின் விளிம்பு எங்கே முடிகிறதோ அந்த வட்டத்துக்கு வாருங்கள். கைக்கொத்தால் வேர்களுக்கு நடுவே ஒரு குழி கிடைக்கிறதா என்று துழாவிப் பாருங்கள். தடித்த வேரை வெட்ட வேண்டாம். இரண்டு வேருக்கு இடையில் இறங்கும் இடத்தில் இலைமக்கு கலந்து, பெரிய செடிக்குப் பதிலாகச் சின்ன நாற்றாக வையுங்கள். சின்னது தன் வேரை இண்டு இடுக்கில் நுழைத்துக்கொள்ளும். முதல் இரண்டு கோடைக்கு நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு அது பிழைத்துக்கொள்ளும்.

மண் எப்படி இருக்க வேண்டும்?

மக்கு நிறைந்து, ஈரம் பிடித்து, ஆனால் தண்ணீர் தேங்காமல். நடுநிலையான மண்ணும் லேசான காரமண்ணும் நன்றாக ஒத்துவரும். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் நைகர் மகிழ்ச்சியாக இருக்கும். களிமண் என்றால் மக்கும் பொடிச்சரளையும் கலந்து, நடும் இடத்தைக் கொஞ்சம் மேடாக்குங்கள். குளிர்காலத்தில் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் வேர் அழுகிவிடும். கடுங்குளிரைத் தாங்குகிற செடிகூட இதைத் தாங்காது.

எப்போது, எவ்வளவு ஆழத்தில் நடுவது?

இலையுதிர்காலத்தின் தொடக்கம் மிகச் சிறந்தது. பூவைப் பார்த்து வாங்கியதை வசந்தத்திலும் நடலாம். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும். மொட்டு கிளம்பும் நடுப்பகுதி மண்ணுக்குள் புதைந்தால் ஒன்று அழுகும், இல்லை பூக்காது. செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விடுங்கள். ஆரம்பத்தில் இடைவெளி அதிகமாகத் தெரியும். மூன்றாம் ஆண்டு சரியாகிவிடும்.

குளிர் அதிகம் இல்லாத இடத்தில் வளருமா?

வளர்ப்பதே சிரமம், பூக்க வைப்பது அதைவிடச் சிரமம். மொட்டு வைக்கவும் விதை முளைக்கவும் அதற்குப் பல வாரங்கள் நீளும் குளிர் தேவை. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் வேர் அழுகலும் சேர்ந்துகொள்ளும். இரவில் நன்றாகக் குளிரும் மலைப்பகுதி என்றால் முயன்று பார்க்கலாம். வருடம் முழுக்க வெப்பமாக இருக்கும் சமவெளியில் காசையும் செடியையும் வீணாக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உறைபனி விழுந்த காலையில் பார்த்தால் பூத்தண்டுகள் எல்லாம் தரையோடு படுத்துக் கிடக்கின்றன. செத்துவிட்டதா?

இல்லவே இல்லை. தொடாமல் விட்டுவிடுங்கள்.

நான் முதன்முதலில் அதைப் பார்த்த காலையில் எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. முந்தின நாள் மாலை நிமிர்ந்து நின்ற செடி, காலையில் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி சுருண்டு கிடந்தது. இதழ் ஓரமெல்லாம் உப்புத்தூள் போலப் பனி. ஒரு தண்டைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். 'டக்' என்று உடைந்து கையோடு வந்துவிட்டது. 11 மணிக்கு வெயில் வந்தது. மற்ற தண்டுகள் ஒவ்வொன்றாகக் கழுத்தை உயர்த்தின, மதியத்துக்குள் எல்லாம் பழையபடி நின்றன. நான் உதவி செய்யப் போன ஒன்று மட்டும் இல்லை.

கடுங்குளிரில் தண்டின் செல்களுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே போய்விடுகிறது. செல்லுக்குள் பனிக்கட்டி உருவாகிக் கிழித்துவிடாமல் இருக்க அதுவே பாதுகாப்பு. தண்ணீர் போனதும் விறைப்பு போகிறது, தண்டு சாய்கிறது. குளிர் விட்டதும் தண்ணீர் திரும்ப ஏறும். அந்த நேரத்தில் கை வைக்காமல் இருந்தால் போதும்.

பழைய இலைகளை வெட்டலாமா? வெட்டினால் செடிக்குப் பாதிப்பில்லையா?

தோட்டக் கலப்பினம் என்றால் வெட்டுங்கள், தயங்காமல். டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரியில், நடுவிலே மொட்டுகள் விரல்நுனி அளவுக்கு எட்டிப்பார்க்கும்போது, போன வருடத்து இலைகளை அடியோடு கவாத்து செய்துவிடலாம். இதனால் மூன்று நன்மை: பூ மறையாமல் தெரியும், பழைய இலையில் ஒட்டியிருக்கும் நோய் புது இலைக்குத் தாவாது, மொட்டைத் தின்னும் நத்தைக்கும் எலிக்கும் ஒளிய இடம் இல்லாமல் போகும். வெட்டியதும் செடி மொட்டையாக நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். பூ முடிவதற்குள் புது இலை பளபளவென்று வந்துவிடும்.

கீழே குனிந்து, ஒவ்வொரு இலைக்காம்பையும் அடிவரை விரலால் தடவிப் பார்த்து வெட்டுங்கள். பூத்தண்டும் இலைக்காம்பும் பக்கத்தில் பக்கத்தில் எழும். அவசரத்தில் மொட்டையும் சேர்த்து அறுத்தால் அந்த ஆண்டுப் பூ போச்சு.

நைகருக்கு இத்தனை கண்டிப்பு வேண்டாம். கறுத்த இலை, கிழிந்த இலையை மட்டும் எடுத்தால் சரி. ஃபீட்டிடஸ், ஆர்குட்டிஃபோலியஸ் இரண்டுக்கும் கணக்கே வேறு. அவற்றில் போன வருடம் வளர்ந்த தண்டின் நுனியில்தான் இந்த வருடப் பூ. குளிர்காலத்தில் தண்டை வெட்டினால் பூவையே வெட்டியதாகும். பூத்து, வேண்டுமானால் விதையும் உதிர்ந்த பிறகு, அந்தத் தண்டை அடியோடு எடுங்கள்.

இலையில் கறுப்புத் திட்டுகள். என்ன நோய்?

உற்றுப் பாருங்கள். வட்ட வட்டமாக, பழுப்பும் கறுப்புமாக, சில சமயம் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது பூஞ்சை இலைப்புள்ளி. ஈரமான குளிர்காலத்தில் சகஜம். நோய்பட்ட இலையைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், மக்குக்குழியில் போட வேண்டாம். செடிகளுக்கு நடுவே காற்று ஓட வழி செய்தால் பெரும்பாலும் கட்டுப்படும்.

கறுப்பு நரம்பின் வழியே கோடுகோடாக ஓடி, புது இலை சுருங்கிக் கோணலாகி, செடி குட்டையாகிக்கொண்டே போனால் அது வேறு. அதற்குக் கறுப்புச் சாவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைரஸோடு தொடர்புள்ளது, மருந்து கிடையாது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பரப்பும் என்று கருதப்படுகிறது. மனசு கேட்காதுதான், ஆனாலும் அன்றே வேரோடு பிடுங்கி அழித்துவிடுங்கள். 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்று விட்டால் பக்கத்துச் செடிகளையும் இழக்க நேரும். பூவுக்குள்ளும் தண்டிலும் அசுவினி மொய்க்கிறதா என்று வசந்தத்தில் வாரம் ஒருமுறை பார்த்து, கண்டதும் விரலால் நசுக்கியோ தண்ணீர் பீய்ச்சியோ ஒழியுங்கள்.

மூன்று வருடமாகியும் பூக்கவில்லை. நிழல் பிரச்சினை இல்லை என்றால் வேறென்ன?

ஆழமாக நட்டது முதல் சந்தேகம். மண்ணை விலக்கிப் பாருங்கள். அடுத்து, கோடையில் தண்ணீர். கோடையில் செடி சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும் அடுத்த பருவத்துக்கான மொட்டு உள்ளே உருவாகத் தொடங்கும் காலம் அது. அப்போது மண் காய்ந்து வெடித்தால் பூ குறையும். தழைச்சத்து அதிகமான உரம் போட்டால் இலைதான் கொழிக்கும். விதையிலிருந்து வளர்த்தது என்றால், நான்காம் வருடம் வரை பொறுத்திருங்கள்.

உரம்?

வசந்தத்தில் ஒரு பிடி, இலையுதிர்காலத் தொடக்கத்தில் ஒரு பிடி, எல்லாச் சத்தும் சமமாக உள்ளது. அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை 5 சென்டிமீட்டர் கனத்துக்கு இலைமக்கு மூடாக்கு. செடியின் நடுவில் குவிக்காமல் சுற்றிலும் போடுங்கள்.

பூ ஏன் எப்போதும் தலைகுனிந்தே இருக்கிறது?

மழையும் பனியும் உள்ளே இறங்காமல் மகரந்தத்தைக் காப்பதற்கு. குளிர்காலத்தில் பூப்பதற்கு அது கொடுக்கும் விலை. அதனால்தான் சரிவிலோ, உயர்ந்த பாத்தியிலோ, படிக்கட்டின் பக்கத்திலோ நடச் சொல்கிறேன். கீழிருந்து பார்த்தால்தான் முகம் தெரியும். சமதரையில் என்றால் மண்டியிட்டு, ஒரு விரலால் மோவாயைத் தூக்குவதுபோல் பூவைத் தூக்கிப் பாருங்கள். மேலே மங்கிய இளஞ்சிவப்பாகத் தெரிந்தது உள்ளே ரத்தச் சிவப்பில் புள்ளி வாரி இறைத்து, நடுவே பொன்னிற மகரந்தத் தாள்கள் குஞ்சம் கட்டியதுபோல் இருக்கும். நிமிர்ந்து பார்க்கும் பூதான் வேண்டும் என்றால், நைகர் கலந்த எரிக்ஸ்மித்தியை வகைகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் மலடு, விதை விழாது.

ஒரே பூ இரண்டு மாதம் உதிராமல் இருக்கிறது. பிறகு பச்சையாகிவிடுகிறது. இது இயல்பா?

இயல்புதான். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லி இதழ். அசல் அல்லி இதழ்கள் சின்னச் சின்னப் பச்சைக் குழல்களாக மாறி உள்வட்டத்தில் தேன் வைத்திருக்கின்றன. கருவுற்றதும் அந்தத் தேன்குழல்களும் மகரந்தத் தாள்களும் கொட்டிவிடும். புல்லி மட்டும் நின்று, பச்சையாகி, இலையைப்போல் உணவு தயாரித்து விதைக்கு ஊட்டும். பூ வாடிவிட்டது என்று வெட்டி எறியாதீர்கள். விதை வேண்டாம் என்றால் மட்டும் எடுக்கலாம்.

அந்தக் குளிரில் பூச்சிகள் வருமா?

வரும். வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில் தூக்கம் கலைந்த பம்பிள்பீ ராணிகள் தேடி வரும் முதல் பூக்களில் இதுவும் ஒன்று. தேனீக்களும் வரும். இதில் ஓர் அதிசயம் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபீட்டிடஸ் பூவின் தேனில் வாழும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று வெப்பம் உண்டாக்குவதாகவும், அதனால் பூவின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருப்பதாகவும் கண்டார்கள். அதைப் படித்த பிறகு அந்தப் பச்சை மணிகளைக் கடந்து போகும்போதெல்லாம் நின்று பார்க்காமல் போக எனக்கு மனம் வருவதில்லை.

விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

விதை பழசாகக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம். மே கடைசி, ஜூன் வாக்கில் காய் வெடிக்கும். பளபளக்கும் கறுப்பு விதைகளை அன்றே, அல்லது அந்த வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். அதற்கு முதலில் ஈரமான வெதுவெதுப்பு, பிறகு குளிர் என்று இரண்டு காலம் வேண்டும். தொட்டியை வெளியே நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் குளிர்காலத்தில் முளைக்கும். உலர்த்தி வைத்த விதை இன்னொரு வருடம் படுத்தும்.

விதை ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப்பசையுள்ள வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருக்கும். அதற்காகவே எறும்புகள் விதையை இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் நடாத மூலையில் ஹெலிபோர் முளைத்தால் நட்டது எறும்புதான். தாய்ச்செடியின் அடியில் அடைசலாக முளைக்கும் நாற்றுகளை, முதல் அசல் இலை வந்ததும் பிரித்து நடலாம். எப்படிப்பட்ட பூ வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாயைப்போல் வருவது அபூர்வம். அந்த முதல் மொட்டு விரிவதற்காக மூன்று வருடம் காத்திருப்பது எனக்குப் பிடித்த காத்திருப்பு.

பெரிய தூரைப் பிரித்து நடலாமா?

தோட்டக் கலப்பினத்தை இலையுதிர்காலத் தொடக்கத்தில் பிரிக்கலாம். துண்டு ஒன்றுக்குக் குறைந்தது மூன்று மொட்டாவது இருக்கட்டும். ஒரு வருடம் பூ குறையும். நைகரை முடிந்தவரை தொந்தரவு செய்யாதீர்கள். ஃபீட்டிடஸ், ஆர்குட்டிஃபோலியஸைப் பிரிக்கவே முடியாது, விதைதான் வழி.

விஷச் செடியா?

ஆமாம், எல்லாப் பாகமும். வேரில் இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. தின்றால் வாந்தி, பேதி, அதற்கு மேலும் போகலாம். பழைய கிரேக்கர்கள் மனநோய்க்கு ஹெலிபோரைக் கொடுத்தார்கள் என்பது உண்மை. அதை இன்று யாரும் வீட்டு மருத்துவமாகத் தொடவே கூடாது. சாறு பட்டால் தோல் எரியும், விதை உதிர்க்கும்போதும் விரல் சிவக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளும் நாய்க்குட்டியும் விளையாடும் இடத்தின் ஓரத்தில் நட வேண்டாம். மான் இதைத் தொடுவது அரிது. காரணம் இந்த விஷம்தான்.

தொட்டியில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். வேர் நேராகக் கீழே இறங்கும், அதனால் அகலத்தைவிட ஆழம் முக்கியம். 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பூத்த தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் நாலைந்து நாள் போதும், அதுவும் சூடாக்காத அறையில். கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்து வந்ததை நேராக உறைபனியில் வைக்காமல், முதல் வாரம் கூரைக்குக் கீழே வைத்துப் பழக்குங்கள்.

கூட என்ன நடலாம்?

ஸ்னோடிராப், குளிர்காலச் சைக்ளமென், எபிமீடியம், பெரணி. மேலே விட்ச்ஹேசல் புதர் இருந்தால் இன்னும் நல்லது. கருஊதா ஹெலிபோரைத் தனியாக நட்டால் மண்ணோடு மண்ணாகக் கரைந்து கண்ணுக்கே படாது. அதன் காலடியில் வெள்ளை ஸ்னோடிராப் போட்டுப் பாருங்கள், பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும்.

பறித்துச் சாடியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடுகிறதே?

இளம் பூவைப் பறித்திருப்பீர்கள். மகரந்தத் தாள்கள் கொட்டி, நடுவில் காய் தடிக்கத் தொடங்கிய பூவைப் பறியுங்கள், நாள்கணக்கில் நிற்கும். இளம் பூதான் வேண்டும் என்றால் காம்பை ஒட்ட நறுக்கிவிட்டு, அகலமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள். தோட்டத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் அப்போது உங்களைப் பார்க்கும்.